ஐந்து மில்லிலிட்டர் குவாண்டம் புள்ளிகள்: ஓர் எல்லைப்புறக் கல்லூரியிலிருந்து மதிப்புரை

காட்மியம் செலினைடு கரு, துத்தநாக சல்ஃபைடு ஓடு, டொலுயீன் கரைசல், 620 நானோமீட்டரில் சிவப்பு ஒளி என்ற விவரக்குறிப்போடு சிறு கண்ணாடிக் குப்பியில் விற்கப்படும் கூழ்மக் குவாண்டம் புள்ளிகளை, அதாவது கரைசலில் மிதக்கும், சில நானோமீட்டரே உள்ள ஒளிரும் குறைக்கடத்திப் படிகங்களை, எங்கள் இயற்பியல் துறைக்காக வாங்கி, ஒரு கல்வியாண்டு முழுவதும் பயன்படுத்திப் பார்த்தோம். வகுப்பில் காட்டுவதற்கு இதைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது. ஒளியின் மிகச் சிறு அலகான ஃபோட்டானை ஒவ்வொன்றாக ஆராயும் ஒற்றை ஃபோட்டான் ஆய்வைத் தொடங்கவும் இது போதும். ஆனால் ஒரே சில்லில் நூற்றுக்கணக்கான ஒளிமூலங்களை வரிசையாகப் பதித்து, மேலும் மேலும் பெருக்கக்கூடிய குவாண்டம் ஒளிக்கருவி ஒன்றைக் கட்டும் எண்ணத்தோடு வாங்குபவருக்கு, லேபிளில் அச்சிட்டிருக்கும் எண்களில் ஏறக்குறைய எதுவும் நேரடியாக உதவாது. அந்த எண்கள் உண்மையானவைதாம். ஆயினும் அவை எண்ணற்ற புள்ளிகளின் சராசரியைச் சொல்கின்றன, கருவிக்கோ ஒவ்வொரு புள்ளியின் தனிக்குணம் தெரிந்தாக வேண்டும்.

எங்கள் கல்லூரி பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், சித்தூர் வட்டத்தில் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து வரும் மாணவர்களில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். பாடத்தை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் கேட்டுவிட்டுத் தங்களுக்குள் தமிழில் விவாதிப்பவர்கள். 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்த பிறகு, முதுகலைத் திட்டப்பணிக்குக் குவாண்டம் என்ற சொல் இல்லாத தலைப்பை எங்களிடம் யாரும் கேட்பதில்லை. குவாண்டம் கணினிகளுக்கு வேண்டிய மீக்கடத்திச் சுற்றுகளும் அயனிப் பொறிகளும் எங்களைப் போன்ற கல்லூரிகளுக்கு எட்டாதவை. அறை வெப்பநிலையிலேயே ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக வெளியிடும் பொருள், பல ஆயிரம் ரூபாய் விலையில் ஒரு குப்பியாகக் கிடைக்கிறது என்னும்போது, துறைக் கூட்டத்தில் மறுப்புச் சொல்ல ஆள் இருக்கவில்லை. இத்தகைய குப்பிகளைப் பல நிறுவனங்கள் கிட்டத்தட்ட ஒரே விவரக்குறிப்போடு விற்கின்றன. ஆகவே இங்கே எழுதுவது பொருளைப் பற்றியது, விற்றவரைப் பற்றியதன்று.

குப்பி வந்துசேர்ந்த விதத்தைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். இந்தக் கரைசலை 4 பாகை செல்சியஸ் அளவில், இருட்டில், உறையவிடாமல் வைக்க வேண்டும். கூரியர் நிறுவனமோ ஊர்ப்பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் பொட்டலத்தை ஆந்திரத்துச் சித்தூருக்கு அனுப்பிவிட்டது. பாலக்காட்டுச் சித்தூர்க்காரர்களுக்கு இது புதிதன்று என்றாலும், பங்குனி வெயிலில் ஒரு வாரத்துக்கும் மேலாகக் கிடங்குகளில் சுற்றிய பிறகும் குப்பி ஒழுகாமல், கலங்காமல், படிவு இல்லாமல் வந்தது என்பதைப் பொருளின் தரத்துக்கு ஒரு சான்றாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆர்டர் கொடுப்பவர்கள் மாவட்டத்தின் பெயரையும் பின்கோடையும் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். டொலுயீன் 4 பாகையிலேயே தீப்பற்றும் ஆவியைத் தரக்கூடியது; எரிசாராயம் தேடிக் கலால் சோதனை நடக்கும் இந்த எல்லைச் சாலைகளில், அதைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் கோவைக்குப் போகலாம் என்ற யோசனையை எவரும் கைவிடுவது நல்லது.

பிரித்துப் பார்த்த ஆய்வக உதவியாளர், "ஏனுங்க சார், இத்தனூண்டுக்கா இத்தனை காசுங்க?" என்று கேட்டார். புற ஊதா டார்ச்சை அடித்துக் காட்டியதும் அந்தக் கேள்வி மறைந்தது. பகலொளியில் மங்கிய செம்பழுப்பாகத் தெரியும் திரவம், 365 நானோமீட்டர் ஒளி பட்டதும் குப்பி முழுவதும் செக்கச்செவேலென்று எரிகிறது. பெருந்திரளான காட்மியம் செலினைடின் ஆற்றல் இடைவெளி சுமார் 1.74 எலக்ட்ரான் வோல்ட். அது 710 நானோமீட்டரைச் சார்ந்தது, அதாவது கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத அடர்சிவப்பு. அதே பொருளைச் சுமார் 5 நானோமீட்டர் விட்டமுள்ள படிகமாகச் சுருக்கினால் எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற வெற்றிடமான துளையும் நெருக்கடிக்குள்ளாகி, இடைவெளி 2 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஏறி, 620 நானோமீட்டர் ஒளி கிடைக்கிறது. இன்னும் பாதியாகச் சுருக்கினால் பச்சை. வேதிப்பொருள் மாறாமல் அளவு மட்டும் மாறி நிறம் மாறுவதை, ஆற்றல் பெட்டிக்குள் அடைபட்ட துகள் என்ற பாடத்தை நடத்தும்போது இரண்டு குப்பிகளைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால், கரும்பலகைச் சமன்பாட்டுக்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. 1981இல் கண்ணாடிக்குள் இவ்விளைவைக் கண்ட அலெக்சி எகிமோவ், 1983இல் கரைசலில் கண்ட லூயிஸ் புரூஸ், 1993இல் சூடான கரைப்பானில் மூலப்பொருளைச் சட்டென்று செலுத்தி ஒரே அளவுள்ள படிகங்களை வளர்க்கும் முறையைத் தந்த மௌங்கி பவெண்டி ஆகிய மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்ததையும் இந்த இடத்தில் சொல்லிவிடலாம். கல்விப் பொருள் என்ற வகையில் குப்பிக்கு நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனி லேபிளுக்கு வருவோம். உச்ச அலைநீளம், நிறமாலையின் அரை உயர அகலம் (உச்சத்தின் பாதி உயரத்தில் நிறம் பரந்திருக்கும் அளவு), குவாண்டம் விளைதிறன் (உள்வாங்கிய ஃபோட்டான்களில் ஒளியாகத் திரும்பும் பங்கு), மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் என்ற செறிவு ஆகிய நான்கும் தரப்பட்டிருந்தன. உச்சமும் அகலமும் எங்கள் நிறமாலைமானியில் சொன்ன எல்லைக்குள்ளேயே இருந்தன; அகலம் சுமார் 30 நானோமீட்டர். தொலைக்காட்சித் திரைக்கோ விளக்குக்கோ வாங்குபவருக்கு இந்த நான்கும் போதும். ஆனால் அந்த 30 நானோமீட்டரில் எவ்வளவு ஒவ்வொரு புள்ளியின் சொந்த அகலம், எவ்வளவு புள்ளிக்குப் புள்ளி உள்ள வேறுபாடு என்பதை லேபிள் சொல்வதில்லை. அறை வெப்பநிலையில் ஒரு தனிப் புள்ளியின் அகலமே 15 முதல் 20 நானோமீட்டர் வரை இருக்கும். எஞ்சியது, ஓர் அணு அடுக்கு கூடியோ குறைந்தோ வளர்ந்த படிகங்களின் நிறங்கள் சில நானோமீட்டர் விலகி நிற்பதால் வருவது. வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைக் காட்டி ஒரு மாணவனை வேலைக்குப் பரிந்துரைப்பது போன்றதுதான் இந்த லேபிளை நம்பி ஒளிக்கருவி வடிவமைப்பது.

தனிப் புள்ளியைப் பார்க்க வேண்டுமானால் கரைசலை நீர்க்கச் செய்ய வேண்டும். எவ்வளவு என்பதற்கு லேபிளில் குறிப்பு இல்லாததால் கணக்கை இங்கே தருகிறேன். ஓட்டோடு சேர்த்து 6 நானோமீட்டர் விட்டம் என்று கொண்டால் ஒரு புள்ளியின் எடை சுமார் ஒரு கிராமில் இலட்சம் கோடி கோடியில் ஆறு பங்கு, அதாவது 10இன் அடுக்கு மைனஸ் 19 கிராம் என்ற வரிசையில் 6. ஆகவே ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ எட்டாயிரம் இலட்சம் கோடிப் புள்ளிகள் மிதக்கின்றன. நுண்ணோக்கியால் பிரித்துக் காணக்கூடிய மிகச் சிறிய தூரம் இந்த நிறத்துக்குச் சுமார் 300 நானோமீட்டர் என்பதால், கண்ணாடித் தகட்டில் ஒரு சதுர மைக்ரோமீட்டருக்கு ஒரு புள்ளிக்கும் கீழே இருக்க வேண்டும். பத்து இலட்சம் மடங்கு நீர்க்கச் செய்து, தகட்டை வேகமாகச் சுழற்றிப் படலமாக்கும் சுழல் பூச்சில் பரப்பினால்தான் அந்த நிலை வருகிறது. அப்படி நீர்க்கச் செய்யும்போது படிகத்தின் மேற்பரப்பைக் காக்கும் ஈனி மூலக்கூறுகள் கழன்று கரைப்பானுக்குள் போய்விடுவதால் ஒளிர்வு மங்குகிறது. வெறும் டொலுயீனுக்குப் பதிலாகச் சிறிதளவு அக்ரிலிக் பாலிமரைக் கரைத்து வைத்த டொலுயீனைப் பயன்படுத்தினால் புள்ளிகள் மெல்லிய படலத்துக்குள் பதிந்து நெடுநேரம் நிலைக்கின்றன. நீர்த்த கரைசலைச் சேமித்து வைக்கக் கூடாது, அன்றன்றைக்குத் தயாரிக்க வேண்டும் என்ற ஒரு வரியை விற்பவர்கள் லேபிளிலேயே அச்சிட்டிருக்கலாம்.

நல்ல ஒளிர்வு நுண்ணோக்கியும் உணர்திறன் மிக்க கேமராவும் இருந்தால் அதற்குப் பிறகு காணக் கிடைப்பது, இந்தப் பொருளின் மிகச் சிறந்த காட்சி என்பேன். திரையில் சிவப்புப் பொட்டுகள் தெரிகின்றன. ஒவ்வொன்றும் தன் போக்கில் அணைந்து எரிகிறது. சில ஒரு நொடியில் மீள்கின்றன, சில நிமிடக்கணக்கில் இருண்டு கிடக்கின்றன. 1996இல் முதன்முறையாக அறிவிக்கப்பட்ட இந்தச் சிமிட்டல், கருவி கட்டுபவருக்குப் பெருந்தொல்லை. மாணவருக்கோ விலையில்லா உதவி. ஏனென்றால் முழுவதுமாக அணைந்து முழுவதுமாக எரியும் பொட்டு பெரும்பாலும் ஒரே புள்ளியாகத்தான் இருக்கும். பல புள்ளிகள் கூடிய கட்டி அப்படி இரு நிலைகளில் சிமிட்டாது. ஃபோட்டான்களை எண்ணும் கருவிகள் இல்லாத கல்லூரியிலும் தனிப் புள்ளியை அடையாளம் காண இது ஒரு நம்பகமான வழி.

ஒற்றை ஃபோட்டான் என்று உறுதிப்படுத்த, ஒளியைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரு உணரிகளுக்கு அனுப்பி, இரண்டும் ஒரே கணத்தில் சொடுக்குகின்றனவா என்று பார்க்கும் ஹான்பரி பிரவுன்–ட்விஸ் அமைப்பு வேண்டும். அது எங்களிடம் இல்லை. பெரிய நிறுவனமொன்றின் ஆய்வகத்தில் நண்பர் ஒருவரின் உதவியோடு அளந்தோம். ஒரே கணத்தில் இரு சொடுக்குகள் நேரும் அளவு, தற்செயலாக எதிர்பார்க்கப்படுவதில் பாதிக்கும் குறைவாக இருந்தால் ஒளிமூலம் ஒன்றே என்று கொள்வது மரபு. நாங்கள் தேர்ந்தெடுத்த பொட்டுகளில் பெரும்பாலானவை அந்த எல்லைக்கு வெகு கீழே இருந்தன. 2000ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் இதே வகைப் புள்ளிகளுக்கு அறை வெப்பநிலையில் முதலில் காட்டப்பட்ட விளைவு இது. கடையில் வாங்கிய குப்பியிலும் அது கிடைப்பது பாராட்டத்தக்கது. இதன் காரணமும் சுவையானது. புள்ளிக்குள் இரண்டு எலக்ட்ரான்–துளை இணைகள் சேர்ந்துவிட்டால், ஒன்று தன் ஆற்றலை ஒளியாக விடாமல் மற்றதற்குக் கொடுத்து மடிந்துவிடுகிறது. ஓகர் இழப்பு எனப்படும் இது சில நூறு பிக்கோநொடிக்குள் (ஆயிரம் பிக்கோநொடி ஒரு நானோநொடி) முடிந்துவிட, ஒளி வெளிப்பட ஏறத்தாழ 20 நானோநொடி ஆகிறது. ஆகவே எஞ்சிய ஒற்றை இணையிடமிருந்து ஒரே ஃபோட்டான்தான் வெளியே வருகிறது.

இங்கேதான் இந்தப் பொருளின் உள்முரண் இருக்கிறது. புள்ளி மின்னேற்றம் பெறும்போது சிமிட்டலுக்குக் காரணமாவதும் அதே ஓகர் இழப்பே. 2008இல் இரு ஆய்வுக் குழுக்கள் காட்மியம் சல்ஃபைடைத் தடித்த ஓடாக வளர்த்துச் சிமிட்டலைப் பெருமளவு அடக்கிக் காட்டின. விற்பனையிலும் இன்று தடித்த ஓட்டுப் புள்ளிகள் சிமிட்டாதவை என்ற விளம்பரத்தோடு வருகின்றன. ஆனால் ஓகர் இழப்பு குறையக் குறைய, இரட்டை இணைகளும் ஒளியை வெளியிடத் தொடங்கி, ஒரே துடிப்பில் இரு ஃபோட்டான்கள் வருவது கூடுகிறது. சிமிட்டாத விளக்கு வேண்டுமா, தூய ஒற்றை ஃபோட்டான் வேண்டுமா என்று வாங்குபவர் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே குப்பியில் தருவதாகச் சொல்லும் விளம்பரத்தை நான் அளவீட்டு வரைபடம் இல்லாமல் நம்பமாட்டேன்.

சில்லில் பதிக்கும் வேலைக்கு வருவோம். சில்லுக்குள் ஒளியை நடத்திச்செல்லும் சிலிக்கான் அலைவழிகள் மலிவானவை, ஆனால் 1,100 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியை அவை விழுங்கிவிடுகின்றன. 620 நானோமீட்டர் புள்ளிக்குச் சிலிக்கான் நைட்ரைடு போன்ற, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் கடத்தும் பொருள்தான் ஏற்றது. அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2 என்பதால், 3.5 உள்ள சிலிக்கானைவிட ஒளியைத் தளர்வாகவே பிடித்துவைக்கும். கூழ்மப் புள்ளியின் பெரும்பலம் இங்கே தெரிகிறது: இண்டியம் காலியம் ஆர்சனைடு புள்ளிகளை மீவெற்றிடத்தில் படிகத்தோடு படிகமாக வளர்க்க வேண்டும், அவை எங்கே முளைக்கும் என்பதும் பெரும்பாலும் தற்செயல், கூழ்மப் புள்ளியையோ, வேறெங்கோ செய்து முடித்த சில்லின் மேல் ஒரு சொட்டாக வைக்கலாம். 2018இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிலிக்கான் நைட்ரைடாலான நானோ உத்தரங்களின் மேல் பாலிமரைப் பூசி, ஒளியைச் சிறைப்பிடிக்கும் குழிவின் நடுவில் மட்டும் சிறு சன்னல்களைத் திறந்து, அங்கே மட்டும் கூழ்மப் புள்ளிகளை இறக்கிக் காட்டினார்கள்.

ஆனால் சன்னலைத் திறந்துவைத்தால் ஒன்றுதான் நுழையும் என்று எந்தப் புள்ளியும் வாக்குக் கொடுப்பதில்லை. சராசரியாக ஒரு சன்னலுக்கு ஒரு புள்ளி விழும்படி செறிவைச் சரிசெய்தாலும், தற்செயல் நிகழ்வுகளைக் கணக்கிடும் பாய்சான் பரவலின்படி சரியாக ஒன்று விழும் வாய்ப்பு 37 விழுக்காடுதான். மற்றவை காலியாகவோ கூட்டமாகவோ இருக்கும். பத்துச் சன்னல்களிலும் சரியாக ஒவ்வொன்று அமைய வேண்டுமென்றால் வாய்ப்பு இருபதாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. பெருக்கக்கூடிய கருவி என்ற சொற்றொடரை இவ்வளவு எளிதாக எழுதும் திட்ட முன்மொழிவுகளில் இந்தப் பெருக்கலை யாரும் போட்டுக் காட்டுவதில்லை. இதைத் தாண்ட ஒரு நேர்த்தியான வழி உண்டு: புள்ளியைச் சுற்றித் தடித்த சிலிக்கா உறையை வளர்த்து, உடலைப் பல பத்து நானோமீட்டருக்குப் பெருக்கிவிட்டால், அதே அளவுள்ள குழியில் ஒன்று உட்கார்ந்த பிறகு மற்றொன்றுக்கு இடம் இருக்காது. எலக்ட்ரான் கற்றையால் பிசின் படலத்தில் வடிவம் பொறிக்கும் லித்தோகிராஃபியால் 5 நானோமீட்டர் குழியைத் துல்லியமாகப் போடுவது கடினம்; நூறு நானோமீட்டர் குழி அன்றாட வேலை. உலரும் திரவ விளிம்பின் இழுவிசையால் துகள்களைப் பள்ளங்களுக்குள் தள்ளும் முறையும், மடித்த டிஎன்ஏ சாரத்தில் புள்ளியை ஒட்டிச் சில்லில் இருத்தும் முறையும் ஆய்வில் இருக்கின்றன. எங்கள் குப்பியில் சிலிக்கா உறை கிடையாது. வாங்குவதற்கு முன் உறையிட்ட வகை உண்டா என்று கேட்டுக்கொள்வது பயனுள்ளது. உறைக்குள் இருந்தால் பிசினைச் சுடும் வெப்பத்தையும் கரைப்பான்களையும் புள்ளி ஓரளவு தாங்கும்.

இடத்தில் உட்கார வைத்த பிறகும் நிறம் பொருந்த வேண்டும். 620 நானோமீட்டரில் தரக்காரணி (குழிவு ஒரே நிறத்தை எவ்வளவு கூர்மையாகத் தேர்கிறது என்ற அளவு) 1,000 உள்ள ஒத்ததிர்வுக் குழிவின் அகலம் 0.62 நானோமீட்டர். அறை வெப்பநிலைப் புள்ளியோ 15 நானோமீட்டருக்குமேல் பரந்து ஒளிர்கிறது; அதன் ஒளியில் சிறு கீற்று மட்டுமே குழிவுக்குள் போகும். குழிவை மேலும் கூர்மையாக்கினால் கீற்று இன்னும் மெலிகிறது. அப்படியானால் 4 கெல்வினுக்குக் குளிர்வித்துப் புள்ளியைக் கூர்மையாக்கலாம் என்று தோன்றும். ஆனால் காட்மியம் செலினைடில் மிகத் தாழ்ந்த நிலை ஒளியை எளிதில் விடாத இருள் நிலை. குளிர்வித்தால் புள்ளி அதில் அடங்கி, ஒளிரும் காலம் மைக்ரோநொடி அளவுக்கு நீண்டுவிடுகிறது. செலவு செய்து குளிர்வித்து மந்தமான விளக்கைப் பெறுவது யாருக்கும் உவப்பாக இராது.

இந்தக் குறையில்லாத உறவுக்காரர் சீசியம் லெட் புரோமைடு என்னும் பெரோவ்ஸ்கைட் நானோபடிகம். குளிரில் அது வேகமாகவே ஒளிர்கிறது, சில நூறு பிக்கோநொடிக்குள். 2019இல் பவெண்டியின் குழு அதன் ஒத்திசைவுக் காலம், அதாவது ஒளியலையின் சீர் குலையாமல் நிற்கும் நேரம், 80 பிக்கோநொடி வரை எட்டுவதைச் சயன்ஸ் இதழில் காட்டியது. ஒன்றுக்கொன்று வேறுபடுத்த முடியாத ஃபோட்டான்களைக் கூழ்மப் பொருளிலிருந்து பெறலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வலுப்பெற்றது. இதையும் வாங்கலாமே என்று கேட்கும் மாணவர்களுக்கு என் பதில்: ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று நம் ஆய்வகச் சன்னலுக்குள்ளேயே வந்து போகிறது; ஈரத்தில் கரைந்து சிதையும் உப்புப் படிகத்தை, மந்தவாயு நிரப்பிய கையுறைப் பெட்டி இல்லாத துறை வாங்குவது வீண். காட்மியம் செலினைடு குப்பி அதே பருவத்தைக் குளிர்பதனப் பெட்டியில் எந்தச் சேதமும் இல்லாமல் கடந்தது. உறுதித்தன்மையில் இதற்கு முழு மதிப்பெண் தருகிறேன்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பயன்பாட்டையும் எண்ண வேண்டும். இரகசியச் செய்தியைப் பூட்டித் திறக்கும் சாவியை இருவர் பகிர்ந்துகொள்ளும் மறைகுறிச் சாவிப் பரிமாற்றத்துக்கு ஃபோட்டான்கள் ஒவ்வொன்றாக வந்தால் போதும், ஒன்றைப் போல் ஒன்று இருக்க வேண்டியதில்லை. ஆகவே அறை வெப்பநிலைப் புள்ளி அதற்கு ஏற்றதுதான் என்று பலர் எழுதுகிறார்கள். இழையில் நேரும் இழப்பைப் பார்த்த பிறகு இதைச் சொல்ல வேண்டும். 1,550 நானோமீட்டரில் நல்ல கண்ணாடி இழை கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் மட்டுமே இழக்கிறது. கண்ணாடிக்குள் ஒளி சிதறும் ரேலே சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் ஏறுவதால் 620 நானோமீட்டரில் அந்த இழப்பு முப்பது மடங்குக்கும் மேல். கஞ்சிக்கோட்டுக்கும் வாளையாருக்கும் இடையே பத்து கிலோமீட்டர் இழை போட்டதாக வைத்துக்கொண்டால், 1,550இல் அனுப்பிய நூறு ஃபோட்டான்களில் அறுபதுக்குமேல் போய்ச்சேரும். நம் சிவப்பு ஃபோட்டான்கள் பத்து இலட்சம் புறப்பட்டால் ஒன்று தேறினாலே பெரிது. நெடுந்தூரத்துக்கு லெட் சல்ஃபைடு புள்ளிகள் உண்டு. அவை 1,300 முதல் 1,550 வரை ஒளிர்வதோடு சிலிக்கான் அலைவழிக்கும் பொருந்தும். ஆயினும் அவற்றின் ஒளிர்காலம் மைக்ரோநொடி அளவு நீளமானது, காற்றில் ஆக்சிஜனேற்றமும் அடைகின்றன. 620 நானோமீட்டர் குப்பி சில்லுக்குள்ளேயே நடக்கும் வேலைகளுக்கும், ஒரே மேசைமீது நடத்தும் திறந்தவெளிச் சோதனைகளுக்கும் உரியது.

கழிவைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாமல் இந்த வட்டத்தில் காட்மியம் பொருளைப் பரிந்துரைக்க முடியாது. 2003இல் பிளாச்சிமடையில் ஆலைக் கசடில் காட்மியம் இருப்பதாக எழுந்த சர்ச்சைக்குப் பிறகு, பெருமாட்டிப் பஞ்சாயத்தின் விவசாயிகளுக்கும் அந்தத் தனிமத்தின் பெயர் தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் காட்மியத்தை எடையில் 0.01 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்துவதும், தொலைக்காட்சித் தயாரிப்பாளர்கள் இண்டியம் பாஸ்பைடு புள்ளிகளுக்கு மாறியதும் சும்மா அல்ல. குப்பியில் இருப்பது மில்லிகிராம் கணக்கு என்பது உண்மை. நுனிக்குழாய், கையுறை, கழுவிய டொலுயீன் எல்லாவற்றையும் மூடிய கலத்தில் சேர்த்து, அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும் என்பதும் உண்மை. இங்கே கழுநீர்த் தொட்டியில் ஊற்றுவது சித்தூர்ப் புழை வழியாகப் பாரதப்புழைக்குப் போகக்கூடியது. எங்களுக்கு வந்த பாதுகாப்புத் தாள் டொலுயீனைப் பற்றி விரிவாகவும் காட்மியத்தைப் பற்றி மேம்போக்காகவும் பேசியது. விவரக்குறிப்பில் எனக்கு இருந்த ஒரே கடுமையான அதிருப்தி இது.

முதுகலைத் துறைகள் 5 மில்லிலிட்டர் வாங்க வேண்டாம்; மேலே சொன்ன கணக்கின்படி ஒரு மில்லிலிட்டரே பல ஆண்டுத் திட்டப்பணிகளுக்குத் தாராளம், திறந்த குப்பியின் டொலுயீன் ஆவியாகிச் செறிவு மாறிவிடுவதால் பெரிய குப்பி இலாபமும் அன்று. இளங்கலை வகுப்புக்கு மட்டும் என்றால் 520, 620 என்ற இரு நிறங்களின் மிகச் சிறிய குப்பிகளைக் கேட்டு வாங்கி, மூடியைத் திறக்காமல் வைத்திருங்கள். சில்லில் பதிக்க நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன், அந்தக் குறிப்பிட்ட தொகுதியின் தயாரிப்பு நாள், மேற்பரப்பு ஈனியின் பெயர், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அளந்த விட்டப் பரவல், தனிப் புள்ளிகளின் ஒளிர்காலம் ஆகியவற்றை மின்னஞ்சலில் கேளுங்கள். அடுத்த கொள்முதலுக்காக நாங்கள் அப்படிக் கேட்டபோது சிலர் பொதுவான விவரத்தாளையே திரும்ப அனுப்பினார்கள். ஒருவர் மட்டும் விட்டப் பரவலின் வரைபடத்தையும், தனிப் புள்ளி அளவீடு தம்மிடம் இல்லை என்ற ஒப்புதலையும் சேர்த்து அனுப்பினார். அவரிடம் ஒரு மில்லிலிட்டருக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறோம்.